குறிகட்டுவான் இறங்குதுறை: பொறுப்பு யாருடையது?

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணையை அடைந்து, அங்கிருந்து புங்குடுதீவு மக்கள் வாணர் பாலம் என அழைக்கும் கடற்தாம்போதியையும் கடந்து செல்லும் வீதி, ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் தூரத்தில் குறிகட்டுவானில் முடிவடைகின்றது. 776 ஆம் இலக்கப் பேருந்தின் இறுதித் தரிப்பிடமும் அதுவே. அதற்கப்பால் கடல். நயினாதீவுக்குச் செல்வோர் பதினைந்து, இருபது நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடுவர். நெடுந்தீவுக்குச் செல்வோருக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணம் எஞ்சியிருக்கும். காற்றும் கடலும் ஒத்துழைத்தால் மட்டுமே அந்தக் கணக்கும் செல்லுபடியாகும்.

இந்த ஒரு துறையை நம்பியிருப்போர் ஒரே தரத்தினர் அல்லர். நாகபூசணி அம்மன் ஆலயத்துக்கும் நாகவிகாரைக்கும் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் யாத்திரிகர்கள் ஒரு சாரார். நயினாதீவின் நிரந்தரக் குடிமக்கள் இன்னொரு சாரார். மூன்றாவது சாரார் நெடுந்தீவு மக்கள். மேலதிக சிகிச்சைக்கு யாழ். போதனா வைத்தியசாலைக்கும், வழக்கென்றால் ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கும், காணி, ஓய்வூதியம் போன்ற அலுவல்களுக்குக் கச்சேரிக்கும் செல்லவேண்டிய இவர்களுக்குக் குறிகட்டுவானைத் தவிர்த்து வேறு வாசல் இல்லை என்றே கூறலாம். நெடுந்தீவில் கடமையாற்றும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் அவ்வழியேதான் போய்வர வேண்டும். தீவில் ஒரு வீட்டுக்கு அத்திவாரமிடுவதென்றாலும், சீமெந்து மூடை பாரவூர்தியிலிருந்து இறக்கப்பட்டு, படகில் ஏற்றப்பட்டு, மீண்டும் இறக்கப்பட்டுத்தான் வந்துசேர வேண்டும். ஒவ்வொரு இறக்கலுக்கும் ஏற்றலுக்கும் ஒரு கூலி உண்டு.

இத்தகைய முக்கியத்துவம் வாய்ந்த இறங்குதுறையில் ஒரு படி உடைந்துவிட்டால், ஒரு மின்விளக்கு எரியாது போனால், குடிநீர்க் குழாய் வற்றிப்போனால், அல்லது கடைசிப் பேருந்து படகு வருவதற்கு முன்னரே புறப்பட்டுச் சென்றுவிட்டால், யாரிடம் முறையிடுவது? வினா மிகச் சாதாரணமானது. ஆனால் இதற்கான விடை ஒரே வாக்கியத்தில் அடங்காது என்பதே இங்குள்ள சிக்கல்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தனது எல்லைக்குள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகியவற்றை நிர்வகிப்பதும், மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் பிரதேச சபையின் கடமை எனக் கூறுகின்றது. குறிகட்டுவான் புங்குடுதீவில் அமைந்துள்ளது. புங்குடுதீவும் நயினாதீவும் வேலணைப் பிரதேச சபையின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஆகவே இறங்குதுறைச் சூழலின் குப்பை அகற்றல், தெருவிளக்கு, பொது மலசலகூடம் போன்றவை அச்சபையின் கடமைப் பரப்பில் வருகின்றன.

நெடுந்தீவோ தனியான பிரதேச சபையையும் தனியான பிரதேச செயலகத்தையும் கொண்டது. நெடுந்தீவு வாக்காளர் ஒருவர் தமது சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்கின்றார். அந்த உறுப்பினருக்கு மாவிலித்துறை பற்றிப் பேசும் உரிமை உண்டு. அக்கரையிலுள்ள குறிகட்டுவானைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றும் அதிகாரம் இல்லை. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தங்கியிருக்கும் மக்களுக்கு, அது அமைந்துள்ள எல்லையின் சபையில் வாக்கில்லை. மறுபுறத்தில், புங்குடுதீவின் ஏனைய வட்டாரங்களில் வாழ்வோருக்கு அச்சபையில் வாக்குண்டு. ஆனால் அவர்களிற் பலர் படகேறும் தேவையே இல்லாதவர்கள். தமக்கு வாக்களிக்காத பயணிகளுக்காகத் தமது வாக்காளரின் வரிப்பணத்தைச் செலவிட எந்த உறுப்பினரும் முன்னுரிமை கொடுக்கப்போவதில்லை. இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. எல்லைக்கோடு அப்படி வரையப்பட்டிருக்கின்றது.

இது இவ்வாறிருக்க, படகுச் சேவையின் நிலை இதனினும் சிக்கலானது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் மாகாண சபைப் பட்டியலைப் புரட்டினால் ஒரு சுவையான விடயம் புலப்படும். மாகாணத்தினுள் அமைந்த வீதிகள், பாலங்கள், அவற்றோடிணைந்த ஓடத்துறைகள் மாகாணத்துக்கு உரியவை; தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் பாலங்களும் ஓடத்துறைகளும் அதற்கு விதிவிலக்கு. அதாவது, சட்டத்தின் பார்வையில் இந்தக் கடல் வீதியின் ஒரு துண்டு மட்டுமே. வீதி எந்த வகுப்பைச் சேர்ந்ததோ கடலும் அந்த வகுப்பையே சேரும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான பாதைச் சேவையையும், நெடுந்தீவு மக்களின் குமுதினி, வடதாரகை படகுகளையும் வீதி அபிவிருத்தி அதிகார சபை பொறுப்பேற்று வந்தமைக்கு இந்தப் பார்வையே அடிப்படை எனலாம். வீதி போடுகின்ற திணைக்களம் படகோட்டுவது வேடிக்கையாகத் தோன்றினாலும் அதற்கொரு தர்க்கம் உண்டு.

குமுதினி என்ற பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அப்பால் நகர்ந்துவிட முடியாது. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாள் நினைவுகூரப்பட்டு வருகின்றது. நெடுந்தீவு மக்கள் படகு பற்றிப் பேசும்போது அது வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாக மட்டும் ஏன் ஒலிப்பதில்லை என்பதைக் கச்சேரியிலும் கொழும்பிலும் இருப்போர் புரிந்துகொள்ள வேண்டும்.

மத்திய அரசின் படகுகளுக்கு அப்பால், நயினாதீவுச் சேவையின் பெரும்பகுதி தனியார் படகு உரிமையாளர்களின் கையில் உள்ளது. இரவில் நோயாளி ஒருவரை அவசரமாகக் கொண்டுவர நேர்கையில் கடற்படையினரின் உதவி நாடப்பட்டு வந்துள்ளது. கரையில் நிற்கும் பேருந்துகளிலும் இரண்டு நிர்வாகங்கள்: இலங்கை போக்குவரத்துச் சபை மத்திக்குரியது, தனியார் பேருந்துகளின் வழித்தட அனுமதி மாகாணத்துக்குரியது. படகின் நேரத்தையும் பேருந்தின் நேரத்தையும் பொருத்துவது கடினமான காரியமன்று. கடிகாரம் பார்க்கத் தெரிந்த இருவர் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். அந்த இருவரும் வெவ்வேறு அமைச்சுகளுக்குப் பதில்சொல்வோராய் இருப்பதனால்தான் அது கடினமாகின்றது.

உள்ளூராட்சி மன்றமே படகொன்றைச் சொந்தமாக வைத்திருந்தால் என்ன என்ற கேள்வி எழலாம். அந்தப் பரீட்சையும் நடந்து முடிந்துவிட்டது. உலக வங்கியின் ஊடாக அவுஸ்திரேலிய அரசின் நிதியுதவியுடன், நெல்சிப் எனப் பரவலாக அறியப்பட்ட உள்ளூராட்சிச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், ஏறக்குறைய 150 மில்லியன் ரூபா செலவில் நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு கட்டப்பட்டு, 2017 ஜனவரியில் குறிகட்டுவானில் சேவைக்கு விடப்பட்டது. ஏறக்குறைய 80 பேர் அமர்ந்து பயணிக்கக்கூடிய அப்படகு நெடுந்தீவுப் பிரதேச சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது, மக்களின் படகு மக்களின் சபையிடமே இருக்கவேண்டும் என்ற எண்ணமும் சரியானதே.

ஆயினும் படகைக் கட்டுவதற்கு ஒரு தடவை பணம் தேவை. அதை ஓட்டுவதற்கு ஒவ்வொரு நாளும் பணம் தேவை. மாலுமிகளுக்கும் இயந்திரப் பொறுப்பாளருக்கும் சம்பளம், எரிபொருள், காப்புறுதி, குறித்த காலத்துக்கொரு தடவை கரையேற்றிச் செய்யவேண்டிய பழுதுபார்ப்பு என்பன அச்செலவில் அடங்கும். பிரதேச சபையொன்றின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகின்றது? சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, காணி உறுதி கைமாறும்போது கிடைக்கும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியனவே முக்கியமானவை. நகரத்தை அண்டிய சபைகளுக்கு இவை ஓரளவு கைகொடுக்கும். பெரிய கடைத்தெருவோ, சுறுசுறுப்பான காணி விற்பனையோ இல்லாத ஒரு தீவின் சபைக்கு இவற்றில் எது கைகொடுக்கும்? பயணக் கட்டணத்தை உயர்த்தி ஈடுசெய்யலாம் என்றால், ஏறுபவர்களும் அதே தீவின் ஏழை மக்களே. ஆகவே, செலவுப் பளுவாலும் பழுதாலும் நெடுந்தாரகை சேவையின்றி நின்ற காலங்கள் உண்டு என்பதில் வியப்பில்லை. 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசலின் விலை, அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவாக உயர்ந்ததை நினைவிற் கொண்டால், எந்தச் சிறிய சபையின் வரவுசெலவுத் திட்டமும் அதைத் தாங்கியிருக்காது என்பது விளங்கும். சொத்தைக் கையளித்த திட்டம், அதை இயக்குவதற்கான நிரந்தர மானியத்தைக் கையளிக்கவில்லை. நன்கொடையாளர்களின் கட்டடங்கள் பல வடக்கில் இவ்வாறே நிற்கின்றன. படகு என்பதால் இது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

பொறுப்பு சிதறிக் கிடப்பதனால் விளையக்கூடிய ஆபத்தைக் கிழக்கு மாகாணம் ஏற்கெனவே கண்டுவிட்டது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாக அமைக்கப்பட்டுக் கொண்டிருந்த வேளை, மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலத்தைக் கட்டும் வேலை மத்திய அரசினுடையது. பாலம் முடியும்வரை மக்கள் எவ்வாறு கடப்பது என்பதோ எவருடைய கோப்பிலும் உரிய இடத்தைப் பெறவில்லை. விபத்துக்குப் பின்னர், படகுக்கு அனுமதி வழங்கியது யார் என்ற கேள்வி எழுந்து, கிண்ணியா நகரசபைத் தவிசாளர் கைது செய்யப்பட்டார். உள்ளூராட்சி மன்றங்கள் இதிலிருந்து கற்கவேண்டியது உண்டு. அதிகாரம் தெளிவாக இல்லாத இடத்திலும் பழி தெளிவாகவே வந்து சேர்கின்றது.

குறிகட்டுவான் கடல் குறிஞ்சாக்கேணிக் களப்பு அன்று. திருவிழாக் காலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கியேறும் துறையில், ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கிகள் போதுமானவையா, காற்று எந்த அளவைத் தாண்டினால் சேவை நிறுத்தப்படவேண்டும் என்பவற்றை அந்தக் கணத்தில் தீர்மானிக்கும் ஒரு தனிப் பொறுப்பாளர் இருந்தாக வேண்டும். படகின் தகுதியைப் பரிசோதிப்பது ஒரு திணைக்களம், துறையில் ஒழுங்கைப் பேணுவது மற்றொரு தரப்பு, கட்டணம் வாங்குவது வேறொரு தரப்பு என்றிருக்கும்போது, “இன்று போதும், இனி ஏற்றாதே” என்று கூறும் வாய் எது?

இந்தக் கேள்விகளை எழுப்பவேண்டிய மன்றங்களே நீண்டகாலம் மௌனமாகியிருந்தன. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுள் நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அதே மாதத்தில் நடைபெறவிருந்த தேர்தல், நிதியில்லை என்ற காரணத்தால் தடைப்பட்டு, 2025 மே 6 இல்தான் நடந்தேறியது. இடைப்பட்ட இரண்டாண்டுகளுக்கு மேல் சபைகளின் அலுவல்களைச் செயலாளர்களே கவனித்தனர். வடக்கு மாகாண சபையின் கதை அதனிலும் மோசம். 2013 இல் தெரிவான முதலாவது சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததன் பின்னர், ஆண்டுகள் பலவாக மாகாணம் ஆளுநரின் கீழேயே நிர்வகிக்கப்பட்டு வந்தது. உத்தியோகத்தர்கள் கடமையைச் செய்யவில்லை என்பதல்ல நமது கூற்று. உத்தியோகத்தர் தமது திணைக்களத்தின் எல்லைக்குள் நின்றே பதிலளிப்பார். எல்லைகளைத் தாண்டிக் கூச்சலிடுவது தெரிவுசெய்யப்பட்டவரின் வேலை.

இப்போது சபைகள் மீண்டும் கூடுகின்றன. இந்நிலையில் வேலணை, நெடுந்தீவு ஆகிய இரு பிரதேச சபைகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. இரு தவிசாளர்களும், இரு பிரதேச செயலாளர்களும், வீதி அபிவிருத்தி அதிகார சபையும், படகு உரிமையாளர்களும், பேருந்துத் தரப்பினரும் ஒப்பமிடும் எழுத்திலான ஓர் ஏற்பாட்டின் மூலம், இறங்குதுறையின் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதைப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். தளமேடையும் படிகளும் யாருக்கு? விளக்கும் நீரும் யாருக்கு? வாகனத் தரிப்பிடத்தில் கட்டணம் அறவிடப்படுமாயின் அதில் எத்தனை வீதம் துறைக்கே திரும்பும்? பயணிகளை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? அந்தத் தாளின் பிரதியொன்று, தொலைபேசி இலக்கங்களோடு, பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவரில் ஒட்டப்படவேண்டும். புனரமைப்பு வேலைகள் எத்தனை கோடியில் நடந்தாலும், இந்தத் தாள் இல்லையேல் ஐந்தாண்டுகளில் புதிய கொங்கிறீற்றிலும் அதே பழைய கேள்வி எழும்.

பொதுமக்களுக்கும் ஒரு கருவி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொது அதிகார சபைகளே. அவை ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். விண்ணப்பத்தின் மீது தகவலை வழங்குவதா மறுப்பதா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். திருப்தியில்லையேல் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தகவல் எதற்காகத் தேவை என்று விண்ணப்பதாரர் காரணம் கூறவேண்டியதில்லை. நெடுந்தீவு வாசி ஒருவருக்கு வேலணைச் சபையில் வாக்கில்லாதிருக்கலாம். ஆனால் குறிகட்டுவானுக்கென அச்சபை கடந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியது, எவ்வளவு செலவிட்டது என்று எழுத்தில் கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் பாடசாலைப் பழைய மாணவர் அமைப்புகளும் நிறைந்த தீவகத்தில், இத்தகைய விண்ணப்பத்தை எழுதுவதற்கு ஆட்பஞ்சம் இல்லை.

அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டங்கள் வழமைபோல் ஆண்டிறுதியில் சபைகளுக்கு வரும். அவற்றில் குறிகட்டுவான் இறங்குதுறை என்ற பெயரில் தனியான ஒரு தலைப்பு இடப்படுகின்றதா, நெடுந்தீவுச் சபையின் ஏட்டிலும் அதற்கு ஈடாக ஒரு தொகை காணப்படுகின்றதா என்பதை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.