திரையில் புள்ளி விழுந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

அன்ரெனா, டிஷ் - வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

மாலைச் செய்தி நேரம். தகப்பன் கூரையோரம் ஏணியில் நிற்கிறார். மகள் வாசற்படியில் நின்று திரையைப் பார்க்கிறாள்.

"இப்ப வருகுதோ பிள்ளை?"

"புள்ளி புள்ளியாத்தான் கிடக்கு அப்பா."

"இப்ப?"

"வருகுது, வருகுது... ஐயோ, போச்சுது."

எங்கள் கிராமங்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இல்லை. கடைசியில் தகப்பன் களைத்து இறங்கிவிடுவார். மறுநாள் யாரோ ஒருவர் "பூஸ்ரர் போட்டால் சரிவரும்" என்று சொல்ல, வெங்காயம் விற்ற காசு அதற்குப் போய்விடும். பூஸ்ரர் போட்ட பின்னும் புள்ளி போகாது. ஏனெனில் பழுது அன்ரெனாவில் இருக்கவில்லை. வயர் முனையில் பிடித்த களிம்பிலேயே இருந்தது.

1990களில் வடக்கில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். செய்தி என்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பத்துக்கு அத்தகைய எச்சரிக்கை ஒரு நாள் முந்திக் கிடைத்தால், நெல்மூட்டையையும் பிள்ளைகளையும் மேட்டுக்குக் கொண்டு போகலாம். ஆகவே பெட்டி வேலை செய்யும் நிலையில் இருப்பது அவசியம். அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

அலை எப்படி வருகிறது?

தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். பூமி வளைந்திருப்பதால், கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு அலை எட்டும். 1990இல் போரில் அழிந்த கோக்காவில் கோபுரம் 2011இல் 174 மீற்றர் உயரத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. தட்டையான நிலத்தில் அந்த உயரத்திலிருந்து அலை சுமார் 54 கிலோமீற்றர் வரை எட்டும். உங்கள் அன்ரெனா 9 மீற்றர் உயரத்தில் இருந்தால் இன்னும் 12 கிலோமீற்றர் கூடும். 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையிலிருந்து, இடையில் தடை இல்லையெனில், சுமார் 200 கிலோமீற்றர் எட்டும். வவுனியா அந்த எல்லையின் விளிம்பில் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 4 மீற்றரில் இருக்கும் அன்ரெனாவை 9 மீற்றருக்கு உயர்த்தினால் தூரத்தில் கிடைப்பது 4 கிலோமீற்றர் மட்டுமே. கம்பத்தை உயர்த்துவதன் முக்கிய பயன், மரங்களுக்கும் தகரக் கூரைக்கும் மேலே அன்ரெனாவைக் கொண்டுவருவதுதான். பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர்களின் வளவுகளில், அவர்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த மாவும் வேம்பும் நிலையத்தின் திசையை மறைத்து நிற்பதுண்டு. யூ.எச்.எவ். அலையை ஈர இலைகள் அதிகமாக விழுங்கும்.

அன்ரெனாவின் முன்பக்கம் எது?

பல குச்சிகள் கொண்ட அன்ரெனாவை 1926இல் யப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்ற இருவர் உருவாக்கினர். அதில் மூன்று பகுதிகள் உண்டு. மிக நீளமான குச்சி அல்லது தட்டி பின்பக்கம். அது அலையைத் தெறிக்கச் செய்யும். அதற்கு அடுத்ததாக வயர் இணைக்கப்பட்ட குச்சி. முன்னால் உள்ள குறுகிய குச்சிகள் அலையை வழிநடத்துபவை. இந்தக் குறுகிய குச்சிகளே நிலையத்தைப் பார்க்க வேண்டும். நீளக் குச்சியை நிலையத்தின் பக்கம் வைத்துவிட்டு மாதக்கணக்காகப் புள்ளி பார்த்த வீடுகளும் உண்டு. குச்சிகள் கிடையாக இருக்க வேண்டுமா, செங்குத்தாக இருக்க வேண்டுமா என்பதையும் நன்றாகப் படம் வரும் அயல்வீட்டைப் பார்த்து அறியலாம்.

திரை சொல்லும் சேதி

ஏணி ஏறுமுன் அயல்வீட்டாரிடம் கேளுங்கள். அங்கும் படம் இல்லையென்றால் பழுது நிலையத்திலோ காலநிலையிலோ இருக்கும். அங்கு நன்றாக வந்தால், உங்கள் பெட்டியை அவர்களின் வயரில் இணைத்துப் பாருங்கள். அங்கும் படம் வராவிட்டால் பெட்டியில் பழுது. வந்தால் உங்கள் அன்ரெனாவில் அல்லது வயரில் பழுது. பயிர் வாடினால் விதையா, மண்ணா, தண்ணீரா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல இதுவும் ஒரு முறை.

பழைய முறை ஒளிபரப்பில் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்:

1. திரை முழுவதும் வெண்புள்ளி: அலை பலவீனம். திசை, வயர் முனை, மரம் ஆகியவற்றைப் பாருங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் கம்பம் தானாகவே திரும்பிவிடும்.

2. உருவத்துக்குப் பக்கத்தில் அதே உருவத்தின் நிழல்: அலை தண்ணீர்த் தாங்கியிலோ தகரத்திலோ பட்டுத் தெறித்து இரண்டாவது தடவை வருகிறது. பூஸ்ரர் இதற்கு மருந்தல்ல. அன்ரெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, நிழல் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

3. குறுக்கே பொரிந்து ஓடும் கோடுகள்: பக்கத்தில் ஓடும் மோட்டார், மோட்டார் சைக்கிள், அல்லது சூரியமின்கலத்தின் பற்றரி சார்ஜர் காரணமாகலாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

4. வலைபோன்ற கோடுகள், வேறு நிலையத்தின் படம்: காற்றில்லாத வெக்கை நாட்களில் கடலுக்கு மேலாகத் தூரத்து அலைகள் வந்து சேரும். அது தானாகவே போய்விடும். அன்ரெனாவைத் திருப்ப வேண்டாம்.

5. காற்றடிக்கும்போது வந்து வந்து போதல்: இணைப்புத் தளர்ந்துவிட்டது. ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் வயரை இடத்துக்கு இடம் மெதுவாக அசைத்தால் பழுதான இடம் தெரியும்.

டிஜிற்றல் முறையில் புள்ளி விழாது. படம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு ஒரேயடியாக நின்றுவிடும்.

வயரும் பூஸ்ரரும்

பழுதுகளில் பெரும்பங்கு வயரிலேயே இருக்கும். உருண்டை வயரின் நடுச் செம்புக் கம்பியைச் சுரண்டி மினுக்குங்கள். சுற்றியுள்ள வலைக் கம்பியின் ஓர் இழைகூட நடுக் கம்பியைத் தொடக்கூடாது. இணைப்பை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே தண்ணீர் போன வயரைக் காயவைத்துப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

பூஸ்ரர் தண்ணீர் இறைக்கும் பம்ப் போன்றது. கிணற்றில் கலங்கிய தண்ணீர் இருந்தால் பம்பும் கலங்கிய தண்ணீரையே தரும். அன்ரெனாவில் நல்ல அலை இருந்து, நீண்ட வயரில் அது குறைந்து போனால் மட்டுமே பூஸ்ரர் உதவும். அதுவும் மேலே, அன்ரெனாவுக்குப் பக்கத்தில் பூட்ட வேண்டும். பெட்டிக்குப் பின்னால் பூட்டினால் வயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

டிஷ் என்றால்

செய்மதி பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் நாடு அந்த ரேகைக்குக் கிட்ட இருப்பதால் டிஷ் வானத்தை உயரப் பார்க்கும். உதாரணமாக, கிழக்கு 93.5 பாகையில் உள்ள செய்மதி யாழ்ப்பாணத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் இருக்கும். தூரத்து மரங்களால் தடையில்லை. டிஷ்ஷுக்கு அருகே அது பார்க்கும் பக்கத்தில் சாயும் கிளைதான் தடை.

60 சென்றிமீற்றர் டிஷ்ஷின் விளிம்பு அரைச் சென்றிமீற்றர் நகர்ந்தாலே திசை 1 பாகை மாறிவிடும். ஆகவே திருப்பும்போது அவ்வளவாக மட்டும் திருப்பி, சில விநாடிகள் பொறுத்துப் பாருங்கள். அவசரப்பட்டுச் சுழற்றினால் படம் அகப்படாது.

அலைவரிசைகளில் பாதி மட்டும் வருகிறதா? பெட்டியிலிருந்து டிஷ்ஷின் நுனியில் உள்ள எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ற் மின்சாரம் அதே வயரால் போகிறது. இணைப்பில் களிம்பு பிடித்தால் 18 வோல்ற் முழுமையாகப் போய்ச் சேராது. ஒரு பகுதி அலைவரிசைகள் மறைந்துவிடும். பெட்டியின் பிளக்கைக் கழற்றிய பிறகே இணைப்பைத் தொடுங்கள். எல்.என்.பி. வாயில் குளவிக்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடும் மழையில் படம் நின்றால் எதையும் தொட வேண்டாம். மழை ஓய்ந்ததும் வந்துவிடும். மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் படம் நிற்கலாம். அப்போது சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருகிறது. அதுவும் பழுதல்ல.

உயிரைவிடப் படம் பெரிதல்ல

கம்பம் சரிந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். 9 மீற்றர்க் கம்பமானால் 9 மீற்றருக்கும் கூடிய இடைவெளி வேண்டும். ஈரத் தடியிலும் மின்சாரம் பாயும். கம்பம் மின்கம்பியில் பட்டுவிட்டால் அதைப் பிடித்திருப்பவரைத் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யுங்கள். காற்றிலும் மழையிலும் ஏணி ஏற வேண்டாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் மின்னல் அதிகம். இருட்டிக்கொண்டு வரும்போதே மின்பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அதன்பின் வயரைத் தொடக்கூடாது.

இடம் மாறும்போது

படம் நன்றாக வரும்போது கம்பத்திலும் தாங்கியிலும் ஒரே நேராகப் பெயின்றால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காற்று திருப்பினாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது சுலபம்.

சொந்தக் காணிக்குத் திரும்புவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். 50 கிலோமீற்றர் தள்ளிப் போனாலும் செய்மதியின் இடம் வானத்தில் 1 பாகைகூட மாறாது. இங்கே வைத்த சாய்வையும் திசையையும் அளந்து கொண்டுபோய் அங்கேயும் வைக்கலாம். கூரை அன்ரெனா அப்படியல்ல. இங்கே தெற்கே இருந்த கோபுரம் அங்கே கிழக்கே இருக்கக்கூடும். போய்ச் சேர்ந்த முதல் நாளே அயல்வீட்டுக் கூரையைப் பார்த்து, குறுகிய குச்சிகள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.