கத்தி வைக்கும் முன் தலைக்குள் 'வேவு'!
மூளைக் கட்டிக்கு ஒரு ஸ்கேன் போதாதா?

காலையில் எழுந்ததும் தலைவலி. கூடவே வாந்தி. "பித்தம்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்கிறார்கள் வீட்டில். அடுத்த மாதம் வலது கை மரத்துப்போகிறது. ஒருநாள் பட்டறையிலேயே வலிப்பு வந்து விழுகிறார்.

மூளையில் கட்டி வந்த பலரின் கதை இப்படித்தான் தொடங்கும். அம்பத்தூர், ஆவடியில் ரெயில் ஏறி, சென்டிரல் எதிரே உள்ள அரசு பொது ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள். அங்கே முதல் சந்தேகம், "ஒரு ஸ்கேன் எடுத்தாச்சே சார், இன்னொண்ணு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

ஒவ்வொன்றும் ஒரு 'கண்'

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. சில நிமிடத்தில் முடியும். எலும்பு, ரத்தக்கசிவு, கட்டிக்குள் படிந்த சுண்ணாம்பு எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் கட்டி எங்கே முடிகிறது, நல்ல மூளை எங்கே தொடங்குகிறது என்பதில் அது கோட்டை விடும். அதற்குத்தான் காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ.

சரி, கட்டி தெரிந்துவிட்டது. வெட்டி எடுக்க வேண்டியதுதானே?

அங்கேதான் ஆபத்து! பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம் இருக்கிறது. கட்டி அதை ஒட்டி இருந்தால், கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் பேச்சு போய்விடும். கொஞ்சம் விட்டு வைத்தால் கட்டி மறுபடி வளரும்.

எனவே நோயாளியை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து, "விரலை மடக்குங்க, நீட்டுங்க", "மனசுக்குள்ளே வார்த்தை சொல்லுங்க" என்கிறார்கள். வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அதை வைத்து கை எங்கே, பேச்சு எங்கே என்று குறித்துக்கொள்வார்கள். தேவைப்பட்டால், கட்டியில் எந்தப் பகுதி வேகமாக வளர்கிறது என்று பார்க்க 'பெட்' ஸ்கேனும் உண்டு.

இத்தனை படங்களையும் கம்ப்யூட்டர் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. ஆபரேஷன் நேரத்தில் கருவியின் முனை எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியும்.

இதிலும் ஒரு கோளாறு. மண்டை ஓட்டைத் திறந்ததும் மூளை சற்றே நகர்ந்துவிடும். வரைபடம் தப்பாகிவிடும்! அதனால்தான் சிலரை ஆபரேஷனின் நடுவில் விழிக்க வைத்து பேச்சுக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காலம்

சீர்காழிக்காரரான டாக்டர் பி.ராமமூர்த்தி, 1950-ல் சென்னை பொது ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது இதெல்லாம் ஏது? முதுகுத் தண்டு வழியாகக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பதுதான் அன்றைய முறைகளில் ஒன்று. தலை வெடிப்பது போல வலிக்குமாம்.

1971 அக்டோபர் 1-ந் தேதி, லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளைக் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு! கருவியைச் செய்தவர், இசைத்தட்டு வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனி என்ஜினீயர் ஹவுன்ஸ்பீல்டு. 1979-ல் நோபல் பரிசு பெற்றார்.

லேத் தொழிலாளர் கவனத்துக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத், கிரைண்டிங் வேலை செய்கிறவர்கள் ஒன்றை மறைக்கக்கூடாது. எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் தெறித்திருந்தால், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் ஒரு தகரப் பட்டறைத் தொழிலாளியின் கண்ணுக்குள் இருந்த துணுக்கை காந்தம் அசைத்து, ஒரு கண் பார்வை போனது. 1986-ல் மருத்துவ ஏட்டிலேயே வந்த செய்தி இது.

சொன்னால், முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். துணுக்கு இருந்தால் அந்தக் குழாய்க்குள் அனுப்பமாட்டார்கள்.