தஞ்சைச் சகஜியும் ஜெர்மானியக் கோமகனும்

மராட்டிய நாட்டில் குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஆவலோடு படிக்கும் சரித்திரம் சத்ரபதி சிவாஜியின் சரித்திரமே. சில நாட்களுக்கு முன் நெருளில் ஓர் அன்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர்கள் கும்பகோணத்துப் பக்கத்தார். பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆயிற்று. முதலில் தாராவி, பிறகு செம்பூர், இப்போது நெருள். அவ்வீட்டுச் சிறுமி பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, சிவாஜி மகாராஜாவுக்கு ஒரு தம்பி இருந்தாராமே, அவர் நம்ம தஞ்சாவூருக்குப் போய் ராஜாவானாராமே, அங்கே போனவர்கள் வீட்டிலே என்ன பாஷை பேசினார்கள்? தமிழா, மராட்டியா?"

சிறு கேள்விதான். ஆனால் புலம்பெயர்ந்து வாழும் நம்மனைவர்க்கும் உரிய கேள்வி அது. அதற்கு விடை கூறுமுன் ஜெர்மனி வரை ஒருமுறை சென்று மீள வேண்டியிருக்கிறது, நேயர்கள் பொறுத்தருள்க.

பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. முப்பதாண்டுப் போர் 1648ஆம் ஆண்டில் முடிந்தபோது, அந்நிலப்பரப்பு முந்நூறுக்கு மேற்பட்ட சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் பலவற்றை டியூக் என்னும் பட்டம் பூண்ட கோமகன்கள் ஆண்டனர். பெயருக்கு அவர்கள் வியன்னாவிலிருந்த பேரரசருக்கு உட்பட்டவர்கள். தத்தம் நாட்டிலோ தாமே அரசர். பெரும்படை திரட்ட வலிமையில்லை, பெருமையோ குறைவில்லை. ஆதலின் அரண்மனை, நூல்நிலையம், நாடக அரங்கு, இசைக்குழு ஆகியவற்றால் ஒருவரையொருவர் மிஞ்ச முயன்றனர். ஆடம்பரமும் அலங்காரமும் மிக்க அக்காலத்துக் கலைப் பாணியைத்தான் பரோக் என்கின்றனர்.

அத்தகைய கோமகன்களுள் ஒருவர் பிரன்ஸ்விக் நாட்டு ஆன்டன் உல்ரிக். 1633இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் ஆகஸ்ட் கோமகன் வுல்ஃபன்பியூட்டல் நகரில் திரட்டிய நூல்நிலையம் ஐரோப்பாவின் மிகப் பெரிய நூல்நிலையங்களுள் ஒன்று. மூத்த சகோதரர் ருடால்ஃப் ஆகஸ்டுடன் சேர்ந்து 1685இல் ஆன்டன் உல்ரிக் ஆட்சிப் பொறுப்பேற்றார். தாமே ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட பெருங்கதைகளை எழுதினார். 1690இல் பிரன்ஸ்விக் நகரில் இசைநாடக அரங்கம் எழுந்தது. தத்துவ மேதை லைப்னிட்ஸ் 1691 முதல் அந்நூல்நிலையத்தின் பொறுப்பாளர். ஸால்ஸ்டாலும் என்னுமிடத்தில் எழுப்பிய மாளிகை பார்வைக்குக் கல்லால் ஆனது. உள்ளே பெரும்பாலும் மரம்! பணம் போதவில்லை, பகட்டைக் குறைக்கவும் மனமில்லை. 1702இல் பிரான்சின் பதினான்காம் லூயியோடு அவர் உறவாடியதைப் பொறாத ஹானோவர் உறவினர், படையெடுத்து வந்து அவரை ஆட்சியிலிருந்து அகற்றினர். 1704இல் சகோதரர் இறந்தபின் மீண்டும் அரசேறி 1714இல் காலமானார்.

இவர் அரசேறிய அதே காலத்தில், 1684ஆம் ஆண்டில், தஞ்சையில் அரசேறியவர் சகஜி மன்னர். கோமகனுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். சகஜியோ பன்னிரண்டு வயதளவேயான பாலகர். ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருக்க மாட்டார். எனினும் இருவர் வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரே நாடகத்தை இருவேறு அரங்கில் காண்பது போலத் தோன்றும்.

சகஜி யார்? சிவாஜியின் தந்தை ஷாஹாஜி போன்ஸ்லே. ஷாஹாஜியின் மற்றொரு மனைவியாகிய துக்காபாயின் மகன் வெங்கோஜி. அவரையே தமிழ்நாட்டார் ஏகோஜி என்றனர். தஞ்சை நாயக்கர் குலத்து இறுதி அரசர் விசயராகவர் 1673இல் மதுரைப் படையால் மாண்டார். அக்குல வாரிசாகிய செங்கமலதாசனுக்கு நாட்டை மீட்டுத் தருமாறு பீஜப்பூர் சுல்தான் ஏகோஜியை அனுப்பினார். ஏகோஜி மீட்டார், சிறிது காலத்தில் தாமே அரியணையில் அமர்ந்தார். 1677இல் சிவாஜி தென்னாடு வந்தபோது, தந்தையின் சொத்தில் பங்கு கேட்டுத் தம்பியைத் திருமழபாடிக்கு அருகே சந்தித்தார். பேச்சு முறிந்தது. ஏகோஜி இரவோடிரவாகக் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைக்கு மீண்டார். சொத்துத் தகராறு அரசர் வீட்டையும் விட்டதில்லை! அந்த ஏகோஜியின் மூத்த மகனே சகஜி. பாட்டனார் பெயர்தான் பேரனுக்கு. தமிழ்நாட்டு நாவில் அது சகஜி என்று திரிந்தது.

இளைஞரான சகஜிக்கு வந்த முதற் சோதனை கடுமையானது. சிவாஜியின் மகன் இராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பிச் செஞ்சிக் கோட்டையில் புகுந்தார். மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை அக்கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருப்பவர் பெரியப்பா மகன். வெளியே நிற்பவர் பாரதத்தின் பெரும்பகுதியை ஆளும் பாதுஷாவின் தளபதி. சகஜி முதலில் உறவினருக்கு உதவினார். 1694இல் ஜுல்பிகார் கான் தஞ்சை நாட்டிற்குள் புகுந்தபோது பணிந்து பெருந்தொகை கப்பம் கட்ட உடன்பட்டார். இதனைக் கோழைத்தனம் என்று எழுதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. காவிரி வயல்களில் கதிர் முற்றி நிற்கையில் குதிரைப்படை புகுந்தால் என்ன மிஞ்சும்? சிறு நாட்டு மன்னன் பெரிய நாடுகளுக்கிடையில் வாழும் வழி அது. லூயியை நம்பி அரசிழந்த பிரன்ஸ்விக் கோமகனைவிடச் சகஜி சாமர்த்தியசாலி என்றே சொல்ல வேண்டும்.

மதுரையோடும் சேதுபதியோடும் நடந்த சண்டைகள் பல. இராணி மங்கம்மாளின் தளவாய் நரசப்பையா ஒருமுறை கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சைப் படையை முறியடித்தார். அமைச்சர் பாலாஜி பண்டிதர் பொருள் கொடுத்துச் சமாதானம் வாங்கினார். இவற்றை விரித்துரைப்பதால் பயனில்லை.

சகஜியின் பெயர் நிற்பது போரால் அன்று, ஏட்டால். அவர் மராட்டியத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். நாயக்கர் காலத்து மரபின்படி அவைமொழி தெலுங்கு. பண்டிதர் மொழி சம்ஸ்கிருதம். சுற்றி வாழ்ந்த குடிகளின் மொழி தமிழ். இந்நான்கிற்கும் இடையில் வளர்ந்த பிள்ளை எம்மொழியைத் தன் மொழி என்று கொண்டான்? எல்லாவற்றையும் கொண்டான் என்பதே விடை. திருவாரூர்த் தியாகேசர்பால் அளவிலாப் பக்தி பூண்ட அம்மன்னர், தெலுங்கில் இயற்றிய இசைநாடகம் 'பல்லகி சேவா பிரபந்தம்'. பிரிவால் வாடும் பார்வதி, இறைவனை அழைத்துவரத் தன் பல்லக்கை அனுப்புவதே அதன் கதை. பேராசிரியர் சாம்பமூர்த்தி அதனைப் பதிப்பித்துத் தந்தார். இராகங்களின் இலக்கணத்தை வரையறுக்கும் நூலொன்றும் சகஜியின் பெயரால் வழங்குகிறது. மாதுங்கா வட்டாரத்துச் சபாக்களில் கச்சேரி கேட்கும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்ளலாம்: தியாகராஜ சுவாமிகளின் முன்னோருள் ஒருவராகச் சொல்லப்படும் கிரிராஜ கவி இச்சகஜியின் அவையில் இருந்தவர்.

மராட்டிய அன்பர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒவ்வோராண்டும் நவம்பர் 5ஆம் நாளை அவர்கள் மராட்டிய நாடக அரங்க நாளாகக் கொண்டாடுகின்றனர். 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே 'சீதா சுயம்வரம்' நாடகத்தை நடத்தியதன் நினைவு அது. ஆனால் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே சகஜி 'லட்சுமி நாராயண கல்யாணம்' முதலிய நாடகங்களை மராட்டி மொழியில் எழுதிவிட்டார். மராட்டி நாடகத்தின் மிகப் பழைய ஏடுகள் புனேயில் இல்லை. காவிரிக் கரையில் இருக்கின்றன. தாயகத்தில் பிறவாத ஒன்று, குடிபெயர்ந்தோர் வீட்டில் பிறந்தது!

அவர் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது 'பஞ்சபாஷா விலாசம்'. தமிழ்நாடு, ஆந்திரம், மராட்டியம், வடநாடு ஆகிய நான்கு நாட்டு இளவரசியரும் கண்ணனை விரும்புகின்றனர். ஒவ்வொருத்தியும் தன் தாய்மொழியிலேயே பேசுகிறாள். கண்ணன் பேசுவது சம்ஸ்கிருதம். யாரும் யாரையும் "என் மொழியில் பேசு" என்று வற்புறுத்துவதில்லை. கதையோ தடையின்றி நடக்கிறது. தாராவியின் சந்துகளில் இக்காட்சியை நாம் நாள்தோறும் காண்கிறோம், கண்ணன் ஒருவன்தான் குறைவு.

1693ஆம் ஆண்டில் சகஜி, கும்பகோணத்திற்கருகே திருவிசநல்லூரை ஏறத்தாழ நாற்பத்தைந்து பண்டிதர்களுக்குத் தானமாக அளித்துச் 'சகஜிராஜபுரம்' என்று பெயரிட்டார். இராமபத்திர தீட்சிதர், ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாள் முதலியோர் அங்கு வாழ்ந்தனர். அய்யாவாள் மன்னரையே நாயகராக வைத்து 'சாகேந்திர விலாசம்' என்னும் காவியம் பாடினார். டாக்டர் வே. இராகவன் அதனைப் பதிப்பித்துள்ளார்.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இத்தனை ஏடுகளுக்கும் தானங்களுக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? ஏகோஜி காலத்தில் இயேசு சபைப் பாதிரிமார் எழுதிய கடிதங்கள், விளைவில் ஐந்தில் நாலு பங்கு அரசுக்குப் போயிற்று என்கின்றன. பாதிரிமார் அரண்மனையோடு பிணக்குற்றவர்களாதலால் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் எஞ்சுவது கொடிய வரியே. மகன் காலத்திலும், மொகலாயருக்குக் கட்டிய கப்பம் உழவன் களத்திலிருந்தன்றி வேறெங்கிருந்து வந்திருக்கும்? பிரன்ஸ்விக் மாளிகையின் கதையும் அதுவே. பல்லக்கின் பாட்டைக் கேட்டோம். சுமந்தவர் தோளைப் பற்றி எந்த ஏடும் பேசவில்லை.

தமிழுக்கு அவ்வவையில் கிடைத்த இடமும் பெரிதன்று. தியாகேசர் குறவஞ்சி போன்ற சில அவர் காலத்தன எனக் கருதப்படுகின்றன; எனினும் பரிசிலின் பெரும்பங்கு சம்ஸ்கிருதத்திற்கும் தெலுங்கிற்குமே. விந்தை யாதெனில், அவ்வேளையில் தமிழ் ஏடுகளைத் தேடித் திரிந்தவர் ஒரு ஜெர்மானியர். தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் திறை செலுத்தி டேனியர் வைத்திருந்த தரங்கம்பாடியில், 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு கரையிறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் மன்னர், அவரோ ஜெர்மானியர். திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து தமிழ் பயின்று, கிடைத்த ஓலைச்சுவடிகளை யெல்லாம் வாங்கி, 1708இல் அவற்றிற்கு விளக்கப் பட்டியலும் எழுதினார். கோமகன் உல்ரிக்கின் ஜெர்மனியும் சகஜியின் தஞ்சையும் தொட்டுக்கொண்ட இடம் அக்கடற்கரை ஒன்றே.

சாம்பார் சகஜியின் அடுக்களையில் பிறந்தது என்றொரு கதை உண்டு. பருப்புக்கு இட ஆம்சூல் கிடைக்காமையால் புளியை இட்டாராம். விருந்துக்கு வந்த சம்பாஜியின் பெயரைச் சூட்டினாராம். மராட்டியக் கடையில் ஆம்சூல் வாங்கும் நம் பெண்மணிகளுக்குச் சுவையான கதைதான். சரித்திரச் சான்று ஏதும் இதற்கில்லை.

1712இல் சகஜியின் ஆட்சி முடிந்தது. மக்கட்பேறு இன்மையால் தம்பி முதலாம் சரபோஜியும், அவர்க்குப்பின் மற்றொரு தம்பி துக்கோஜியும் ஆண்டனர். 1855இல் வாரிசின்றி அவ்வரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிரன்ஸ்விக்கின் கோமகன் பட்டம் 1918 வரை நீடித்தது. சகஜியின் ஏடுகள் தஞ்சை சரசுவதி மகாலிலும், கோமகனின் நூல்கள் வுல்ஃபன்பியூட்டலிலும் இன்றும் இருக்கின்றன. மரத்தால் ஆன மாளிகைதான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது.

அரசு போன பின்னும் மக்கள் போகவில்லை. தஞ்சை மராட்டியர் இல்லங்களில் இன்றும் ஒருவகை மராட்டி ஒலிக்கிறது. மூன்றரை நூற்றாண்டுத் தமிழ் அதில் ஊறியிருக்கிறது. புனேக்காரர் அதைக் கேட்டால் புன்னகை புரிவார். நெருளிலும் தாராவியிலும் நம் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டு ஊர்க்காரர் புன்னகை புரிவது போல. 1932இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் கலாசாலைகள் இன்று நெருளிலும் நடக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலோ 1803ஆம் ஆண்டு பொறித்த போன்ஸ்லே குல வரலாறு மராட்டியில் நீண்டு கிடக்கிறது.

இவற்றைச் சுருக்கி அச்சிறுமிக்குச் சொன்னேன். "அப்படியானால் வீட்டிலே மராட்டி, கோயிலிலே தெலுங்குப் பாட்டு, கடைத்தெருவிலே தமிழா?" என்றாள். ஆம் என்றேன். "நாங்களும் அப்படித்தான், தெலுங்குக்குப் பதில் இந்தி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் கும்பகோணத்திலிருந்து திருவிசநல்லூருக்கு ஒருநடை சென்று வரலாம். அய்யாவாள் வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியதாகச் சொல்லும் கார்த்திகை அமாவாசையன்று பெருங்கூட்டம் நீராடும். ஆனால் வண்டிக்காரரிடம் சகஜிராஜபுரம் என்று கேட்டுவிடாதீர்கள். அவருக்கு வழி தெரியாது. மன்னர் இட்ட பெயர் செப்பேட்டோடு நின்றுவிட்டது. ஊர் பழையபடி திருவிசநல்லூரே.