படச்சுருளில் வந்த போர்

போர் தொலைக்காட்சிக்கு முதலில் செய்த காரியம் அதன் திரையை அணைத்ததுதான். 1936 நவம்பர் 2 அன்று இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து முறையான ஒளிபரப்பைத் தொடங்கிய பிபிசி, மூன்றாண்டு நிறைவதற்குள், இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பர் 1 அன்று, ஒரு மிக்கி மவுஸ் படத்தைக் காட்டிவிட்டு நிலையத்தை மூடியது. கோபுரத்திலிருந்து புறப்படும் மீயுயர் அதிர்வெண் அலைகள், அதாவது பெரும்பாலும் நேர்கோட்டில் சென்று சில பத்து மைல்களுக்குள் ஓய்ந்துவிடும் வானலைகள், ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டிவிடும் என்ற அச்சம் ஒருபுறம் இருக்க, அத்தொழில்நுட்பம் அறிந்த பொறியாளர்கள் ரேடார் பணிக்கும் தேவைப்பட்டனர். ஏறத்தாழ 20,000 பெட்டிகள் 1946 ஜூன் 7 வரை இருண்டு கிடந்தன.

அமெரிக்காவில் ஒளிபரப்பு நிற்கவில்லை. ஆனால் காட்டுவதற்குக் காட்சி இல்லை. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது, நியூயார்க்கில் சிபிஎஸ் நிறுவனத்தின் நிலையம் அச்செய்தியை மணிக்கணக்கில் ஒளிபரப்பியது. ஹவாயிலிருந்து படம் வந்துசேர வழியில்லாததால், அறிவிப்பாளர் நிலப்படங்களைச் சுட்டிப் பேசியதே பார்த்தவர்களுக்குக் கிட்டிய போர்க்காட்சி. வானொலிக்கு ஒரு முகம் வைத்தது போல என்று சொல்லலாம்.

கொரியப் போர் தொடங்கிய 1950-இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றிலேயே பெட்டி இருந்தது. வியட்நாம் போர் உச்சம் கண்ட காலத்திலோ தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் அது இடம்பிடித்திருந்தது. 1963 செப்டம்பரில் சிபிஎஸ், என்பிசி இரண்டும் 15 நிமிட மாலைச் செய்தியை அரை மணியாக நீட்டியிருந்தமையால், நிரப்புவதற்கு இடமும் இருந்தது. எனினும் அக்காட்சிகள் 'நேரலை' அல்ல. 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்ததைப் பையில் கட்டி, சைகோன் விமான நிலையத்தில் ஏற்றி, அமெரிக்கா சென்றபின் கழுவித் தொகுத்துக் காட்டுவதே வழக்கமாக இருந்தது. டோக்கியோவிலிருந்து செயற்கைக்கோள் வழியே அனுப்ப முடியுமாயினும், செலவு மிகுதி என்பதால் அவசரச் செய்திக்கே அது பயன்பட்டது. ஓரிரு நாள் தாமதத்தால் கெட்டுப்போகாத செய்தியே நிறுவனங்களுக்கு ஏற்றதாயிற்று என்பதால், ரோந்து செல்லும் வீரர்களும் தரையிறங்கும் ஹெலிகாப்டர்களும் திரையை நிறைக்க, நேருக்கு நேர் மோதலும் குருதியும் அரிதாகவே தென்பட்டன. அப்போரை 'வரவேற்பறைப் போர்' என்று அழைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விதிவிலக்குகள் ஆழமாகப் பதிந்தன. 1965 ஆகஸ்டில் சிபிஎஸ் செய்தியாளர் மோர்லி சேஃபரும் வியட்நாமிய ஒளிப்பதிவாளர் ஹா துக் கானும் காம் நே சிற்றூரில் படமாக்கிய காட்சியில், அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர் ஒருவர் சிகரெட் லைட்டரால் கூரை வேய்ந்த குடிசைக்குத் தீ வைத்தார். 1968-இல் வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாளையொட்டி நிகழ்ந்த பெருந்தாக்குதலுக்குப் பின் அங்கு சென்று திரும்பிய சிபிஎஸ் மாலைச் செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோங்கைட், பிப்ரவரி 27 அன்று, போர் தேக்கநிலையில் சிக்கிவிட்டது என்று அறிவித்தார்.

இத்தகைய காட்சிகளே அமெரிக்காவைத் தோற்கடித்தன என்பது இன்றும் சொல்லப்படும் கதை, அது ஏற்கத்தக்கதன்று. அக்காலச் செய்திகளை ஆராய்ந்த டேனியல் ஹாலின், டெட் தாக்குதலுக்கு முன் தொலைக்காட்சி பெரும்பாலும் அரசின் பார்வையையே எதிரொலித்தது என்றும், ஆட்சியாளர்களுக்குள் பிளவு முற்றிய பின்னரே அதன் குரல் மாறியது என்றும் காட்டினார்.

ஆனால் படைத்தலைமைகள் அக்கதையையே நம்பின. 1982-இல் ஃபாக்லாந்துப் போருக்குச் சென்ற பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து செயற்கைக்கோள் வழியே காட்சிகளை அனுப்ப வசதி செய்துதரப்படவில்லை. ஒளிநாடாக்கள் கப்பலேறி வந்ததால், சில காட்சிகள் இலண்டன் சேர மூன்று வாரங்கள் வரை ஆயின. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, கிரிமியப் போரின்போது 1854 அக்டோபர் 25-இல் நடந்த பாலக்லாவா சண்டையைப் பற்றிச் செய்தியாளர் வில்லியம் ஹோவர்ட் ரசல் எழுதியனுப்பிய செய்தி, 20 நாட்களில், நவம்பர் 14 அன்றே 'தி டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்திருந்தது.