வனச் சிற்றாந்தையை அறியும் வகையும் அது வசிக்குமிடமும்

ஆந்தையைப் பற்றி நம் குடியானவர்களிடையே நிலவும் எண்ணம் நல்லதன்று. கிணற்றடி மரத்திலமர்ந்து அது அலறினால் குடும்பத்திற்குக் கேடு விளையுமென்று அஞ்சி, கல்லெறிந்து துரத்துவதை நான் செல்லும் கிராமங்கள் பலவற்றில் கண்டிருக்கிறேன். வயலிலுள்ள எலிகளையும் வெட்டுக்கிளிகளையும் வண்டுகளையும் பிடித்துத் தின்று, கூலியின்றிக் காவல் புரியும் பட்சி அது. இக்குலத்தைச் சேர்ந்த ஒன்று மத்திய இந்தியாவில் 113 வருஷகாலம் எவர் கண்ணுக்கும் அகப்படாமலிருந்தது. வனச் சிற்றாந்தை எனத் தகும் அப்பறவையின் வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

வரலாறு

1872-ஆம் வருஷத்தில் பிளெவிட் என்பவர், இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கியுள்ள பகுதியில் இதன் முதல் மாதிரியைச் சேகரித்தார். மறு வருஷம் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் இதனைப் புதிய இனமென விவரித்து, பிளெவிட்டின் பெயரையே இதற்குச் சூட்டினார். பிறகு கான்தேஷ் பிரதேசத்தில் டேவிட்சன் என்பவர் சில மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றில் கடைசியானது 1884-ஆம் வருஷத்தியது.

அதன்பின், 1914-ல் தபதி நதியருகேயுள்ள மாண்ட்வியில் பிடித்ததாகச் சீட்டு எழுதப்பட்ட மாதிரியொன்று மைனர்ட்ஸ்ஹாகன் என்பவரது சேகரத்தில் இருந்தது. அது பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து திருடப்பட்டு, உருமாற்றிப் பொய்ச் சீட்டு ஒட்டப்பட்ட பழைய மாதிரியே என்று பின்னர் நடந்த ஆராய்ச்சியில் வெளியாயிற்று. அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களின் உழைப்பு வீணாயிற்று. பொய்க் குறிப்பைத் தள்ளி, உண்மையான குறிப்புகள் காட்டிய இடங்களிலே பமீலா ராஸ்முஸென், பென் கிங், டேவிட் அபாட் ஆகிய மூவரும் தேடினர். 1997 நவம்பர் 25-ந் தேதி காலை, மகாராஷ்டிரத்தில் ஷஹாதா நகருக்கருகே, இலையற்ற மரமொன்றின் உச்சியில் இப்பறவையைக் கண்டனர்.

அடையாளங்கள்

வனச் சிற்றாந்தை சுமார் 9 அங்குல நீளமுள்ளது. நம் ஊர்ப் புளியமரப் பொந்துகளில் வசிக்கும் புள்ளி ஆந்தையும் ஏறக்குறைய இவ்வளவே இருப்பதால், மயக்கம் ஏற்படுவது இயல்பு. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒருங்கே கவனித்தல் வேண்டும்.

1. தலை: புள்ளி ஆந்தையின் உச்சந்தலையில் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். வனச் சிற்றாந்தையின் தலை சாம்பல் கலந்த பழுப்பு நிறமாய், புள்ளிகள் அநேகமாய் இல்லாமலிருக்கும். தலை முதல் உடலெங்கும் நெருங்கிய குறுக்கு வரிகள் காணப்பட்டால், அது வேறொரு காட்டுச் சிற்றாந்தையாகும்.

2. மார்பு: வனச் சிற்றாந்தையின் மேல் மார்பு அடர்ந்த பழுப்பு நிறம். வயிற்றின் நடுப்பாகம் தூய வெண்மை.

3. இறக்கையும் வாலும்: அகன்ற வெள்ளைப் பட்டைகள் தெளிவாய்த் தெரியும்.

4. கால்கள்: வெண்ணிற இறகுகள் அடர்ந்து மூடியிருக்கும். அலகும் நகங்களும் உடலளவுக்குப் பெரியவை.

5. நடத்தை: பகலிலேயே வேட்டையாடும். உயர்ந்த கிளையில் வெளிப்படையாய் அமர்ந்து, வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் வழக்கமுடையது.

தலையை மாத்திரம் பார்த்துத் தீர்மானித்தலாகாது. மங்கிய வெளிச்சத்தில் புள்ளிகள் புலப்படாமற் போகலாம்.

வசிக்குமிடமும் உணவும்

தேக்கு மிகுந்த, வேனிலில் இலையுதிர்க்கும் வறண்ட காடுகளே இதன் இருப்பிடம். சாத்பூரா மலைத் தொடரின் தோரண்மால், மேல்காட் முதலிய பகுதிகளிலும், மத்தியப் பிரதேசத்தின் தென் பகுதியிலும், குஜராத்தின் டாங்ஸ் வனங்களிலும் காணப்படுகிறது. 2014-ல் மும்பைக்கு வடக்கேயுள்ள தான்சா சரணாலயத்திலும் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் இப்பறவை கிடையாது. அரணை, பல்லி, எலி, வெட்டுக்கிளி, தவளை, சிறு பறவைகள் ஆகியவை இதன் உணவு. மரப் பொந்துகளிலே முட்டையிடும்.

செய்யத்தக்கவை

சாகுபடிக்காகக் காடு திருத்துவதும், விறகுக்காகப் பொந்துள்ள மரங்களை வெட்டுவதும், மாந்திரீகத்திற்காக ஆந்தைகளைப் பிடிப்பதும் இவ்வினத்திற்குப் பெருங் கேடுகள். உலகில் முதிர்ந்த பறவைகள் ஆயிரத்திற்கும் குறைவாகவே இருக்குமென மதிப்பிடப்படுகிறது. மரம் வெட்டுவதும் மாந்திரீகமும் நம் நாட்டிலும் உள்ளவையே. இன்று எங்கும் காணப்படுகின்ற புள்ளி ஆந்தையும் அருகிப்போன பின் தேடுவதில் பயனில்லை.

ஆகவே வரப்பிலுள்ள பொந்து மரங்களை வெட்டாது விடுக. வயலில் குறுக்குக் கட்டை பொருத்திய கழிகளை நட்டால், இரவில் ஆந்தைகள் அவற்றில் அமர்ந்து எலி பிடிக்கும். எலி நஞ்சைக் கண்டபடி வைக்கலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும். ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். புதியதொரு பறவையைக் கண்டால், கண்ட இடம், தேதி, அடையாளம் ஆகியவற்றை உள்ளபடி எழுதி வைத்து வனத்துறையினருக்குத் தெரிவிப்பது நலம். ஒரு பொய்ச் சீட்டினால் விளைந்த நஷ்டத்தை மேலே கண்டோம்.