பிக்கப்புக்குப் பெரிய டயர்: லாபமா, நஷ்டமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

போன மாசம் திருச்சுழி பக்கத்துல இருந்து ஒரு க்ளையன்ட் வந்தார். கரிமூட்டத்துல இருந்து கரி ஏத்துற பிக்கப் வச்சிருக்கார். இ.எம்.ஐ. ரெண்டு மாசம் பாக்கி. "லோடு குறையல சார், ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது"ன்னார். பில்லைப் புரட்டிப் பார்த்தா, பெரிய டயர் போட்ட பிறகுதான் டீசல் செலவு ஏறியிருக்கு. ஏழே மாசத்துல கிளட்ச் பிளேட்டும் போயிருக்கு.

அவர் டயர் மாத்தினது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில நம்ம கரிசல் காட்டுப் பாதை எப்படி ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஆனா டயர் மாறினா, நமக்குத் தெரியாமலே கியரும் மாறிடுது.

எப்படி மாறுது?

பின் ஆக்சில்ல கிரவுன் வீலுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல்னு வச்சுக்கோங்க. ரேஷியோ 4.10. பினியன் 4.10 சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும்.

215/75 ஆர்15 டயரோட உயரம் சுமார் 704 மி.மீ. 235/75 ஆர்15 போட்டா சுமார் 734 மி.மீ. அதாவது 4.3% அதிகம். 4.10-ஐ 1.043-ஆல வகுத்தா 3.93. இழுவை அந்த அளவுக்குக் குறைஞ்சிடுச்சு.

மதுரை–தூத்துக்குடி நாலு வழிச்சாலையில காலி வண்டியா போனா இது பெருசா தெரியாது. ஆனா முழு லோடோட சேத்துல இருந்து ஏறும்போது, டிரைவர் கிளட்சைப் பாதி மிதிச்சபடியே ஓட்டுவார். பிளேட் தேயறது அங்கதான்.

பழைய இழுவை வேணும்னா 4.10 × 1.043 = 4.28 ரேஷியோ வேணும். 43/10 பல் செட் (4.30) இதுக்குப் பக்கத்துல வரும். உங்க ஆக்சிலுக்கு அந்த செட் கிடைக்குதான்னு முதல்ல விசாரிங்க. 4×4 வண்டின்னா முன், பின் ரெண்டு ஆக்சிலையும் சேர்த்து மாத்தணும்.

மாத்தினா காசு திரும்புமா?

முதல்ல உண்மையான மைலேஜ் எடுங்க. பெரிய டயர்ல மீட்டர் 100 கி.மீ. காட்டினா, வண்டி ஓடினது 104.3. அதனால மீட்டர் கி.மீ.யை 1.043-ஆல பெருக்கி, அப்புறம் லிட்டரால வகுங்க.

உதாரணத்துக்கு, மாசம் 3,000 கி.மீ. ஓட்டம். மைலேஜ் 12-ல இருந்து 11 ஆச்சுன்னா கூடுதலா சுமார் 23 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்னு போட்டா மாசம் சுமார் 2,100 ரூபாய். கிரவுன் பினியன் செட், கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்னு கொட்டேஷன் வந்தா, அந்தக் காசு திரும்ப 14 மாசம் ஆகும். டயர் 40,000 கி.மீ. தாங்கினா, 13 மாசத்துல டயரே முடிஞ்சிடும்!

வரியில கழிக்கலாமே?

இங்கதான் பலர் ஏமாறுறாங்க. நாம 44ஏஇ-ன்னு சொல்ற உத்தேச வருமான முறையில, 12 டன்னுக்கு உட்பட்ட ஒரு வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் வருமானம்னு கணக்கு. டீசல், டயர், கிளட்ச் எதையும் தனியா கழிக்க முடியாது. வீணாகிற ஒவ்வொரு ரூபாயும் உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது.

இன்னொண்ணு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 58-படி சரக்கு வண்டியோட ஆர்.சி.யில டயர் சைஸும் பதிவாகணும். சைஸ் மாறியிருந்தா எஃப்.சி.யிலயும் இன்சூரன்ஸ் க்ளெய்ம்லயும் கேள்வி வரலாம்.

என் முடிவு

கியர் மாத்துறதுக்கு ஆகுற காசு, அந்த டயர் தேயறதுக்குள்ள திரும்பி வருமா? வராதுன்னா கம்பெனி சைஸுக்கே திரும்பிடுங்க. சேத்துக்குப் பிடிமானம் வேணும்னா அதே சைஸ்ல ஆழமான பட்டன் இருக்கற டயர் பாருங்க. நம்ம க்ளையன்ட் அதைத்தான் செய்யப் போறார்.

கணக்கு போடுற முறையை வீடியோல காட்டியிருக்கேன். உங்க வண்டி நம்பர்களைப் போட்டுப் பாருங்க, அப்புறம் டயர் கடைக்குப் போங்க.