ஒட்டும் மேம்படுத்தலும்: வலையமைப்புச் சுவிட்சைப் பேணும் முறை

ஓர் அலுவலகத்தின் கணினிகள், அச்சுப்பொறிகள், கட்டணக் கருவிகள் ஆகியவற்றை இணைத்து, தரவுகளை உரிய வாயிலுக்கு அனுப்பும் கருவியே வலையமைப்புச் சுவிட்ச். சிராங்கூன் சாலைக் கடையில் நாம் கைப்பேசியால் செலுத்தும் பணத்தின் தகவலும் இத்தகைய கருவிகள் பலவற்றைக் கடந்தே வங்கியை அடைகிறது. சுவிட்சினுள்ளும் மென்பொருள் இயங்குவதால், அதிலும் பிழைகள் தோன்றும்; அவற்றைத் திருத்தவும் வேண்டும்.

திருத்தம் இருவகைப்படும். கிழிந்த இடத்தை மட்டும் தையற்காரர் சீராக்குவதுபோல், குறிப்பிட்ட பிழையை மட்டும் நீக்குவது ஒட்டு. இதனைப் ‘பேட்ச்’ என்பர். மென்பொருள் முழுவதையும் புதிய பதிப்பாக மாற்றுவது மேம்படுத்தல். மேம்படுத்தலுக்குப் பெரும்பாலும் சுவிட்சை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அச்சில நிமிடங்கள் இணைப்பு நிற்கும். இந்நிறுத்தத்திற்கு அஞ்சியே பலர் பணியை ஒத்திப்போடுகின்றனர்.

அத்தாமதத்தின் விலை பெரிது. 2018 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம், தன் சுவிட்சுகளின் ‘ஸ்மார்ட் இன்ஸ்டால்’ வசதியிலிருந்த கடும் பிழையை அறிவித்து, திருத்திய மென்பொருளையும் வெளியிட்டது. ஏழாண்டுகள் கழிந்து, 2025 ஆகஸ்டில், அதே பிழையின் வழியே ஊடுருவல் நிகழ்வதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. திருத்தம் கிடைத்தும் அதனை நிறுவாத கருவிகள் அத்துணைக் காலம் எஞ்சியிருந்தன.

சிங்கப்பூரும் இதே பாடத்தைக் கற்றது. 2018இல் சிங்ஹெல்த் கட்டமைப்பிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஊடுருவப்பட்ட கணினி ஒன்றில், முன்னரே வெளியாகியிருந்த மின்னஞ்சல் மென்பொருள் ஒட்டு நிறுவப்படாதிருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது. 2019 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை வழங்கிய 16 பரிந்துரைகளுள், ஒட்டுகளை முறையாக நிர்வகிப்பதும் பாதுகாப்பு நோக்கில் மென்பொருளை மேம்படுத்துவதும் இடம்பெற்றன.

நிறுத்தம் பற்றிய அச்சத்தை ஆயத்தத்தால் போக்கலாம். கோயில்களில் திருப்பணி நடைபெறும்போது, தெய்வ ஆற்றலைப் பாலாலயத்திற்கு மாற்றி, அங்கு வழிபாட்டைத் தொடர்வது நம் மரபு. வலையமைப்பிலும் இணைச் சுவிட்ச் ஒன்று இருப்பின், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று சுமையை ஏற்கும். இணைச் சுவிட்ச் இல்லாத சிறு நிறுவனம், கடை அடைத்தபின் அப்பணியைச் செய்யலாம்.

பணி தொடங்குமுன் வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, புதிய பதிப்பு அச்சுவிட்சுக்குப் பொருந்துமா எனக் காண வேண்டும். நடப்பு அமைப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். இறக்கிய கோப்பு பழுதின்றி வந்துள்ளதைச் சரிபார்க்க வேண்டும். பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்தால், குறை நேரும்போது முந்தைய நிலைக்குத் திரும்பலாம். மறுதொடக்கத்திற்குப் பின் ஒவ்வொரு வாயிலும் இயங்குகிறதா எனச் சோதிப்பதும் இன்றியமையாதது.

தொழில்நுட்பம் அறியாத நிர்வாகியும் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உள: நம் சுவிட்சுகள் எத்தனை? அவற்றில் இயங்கும் பதிப்புகள் யாவை? அப்பதிப்புகளுக்குத் தயாரிப்பாளர் இன்னும் திருத்தங்கள் வழங்குகின்றாரா? இவற்றுக்கு விடை எழுதப்பெற்ற பட்டியலே பராமரிப்பின் முதற்படி.